நான்காம் அறையின் சந்து

நீங்கள் கொடுத்த தாளில் கோடு போட்டிருப்பது நல்லதாகப் போயிற்று. கோடில்லாத தாளில் என் எழுத்து மேல்நோக்கி ஏறிப் போய்விடும். வாக்குமூலத்தை நிதானமாக யோசித்து எழுதச் சொன்னீர்கள். நிதானத்துக்கு என்னிடம் என்றைக்குமே குறைவில்லை.

குளிர்பதனக் கிடங்கில் பதினேழு வருடமாக ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். உறைந்த மீன் பெட்டிகள் ஆளுயரக் கட்டுகளாக, நெகிழித்தாள் சுற்றி லாரியில் வரும். ஒரு கட்டு எண்ணூறு கிலோ. அவற்றை அறைக்குள் நெருக்கமாக அடுக்குவது என் வேலை. இடம் விடாமல் அடுக்குவதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று மேலாளரே சொல்வார். கூட வேலை பார்ப்பவர்கள் எனக்கு ‘சிமெண்ட்’ என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். எனக்கு அதில் கொஞ்சம் பெருமைதான்.

இறந்தவன் என் மனைவியின் தம்பி. அறைகளில் வெப்பநிலை பார்க்கும் வேலையை அவனுக்கு வாங்கிக் கொடுத்தவன் நான். ஓயாத வாயாடி, ஆனால் சூதுவாது தெரியாதவன். இதை யார் கேட்டாலும் சொல்வேன்.

அந்த விளையாட்டுக் கருவியைக் கொடுத்தவனும் அவன்தான். ஆறு வருடத்துக்கு முன் என் மனைவி அறுவை சிகிச்சைக்காக ஆஸ்பத்திரியில் கிடந்தாள். “சும்மா விட்டத்தைப் பாத்துக்கிட்டு உட்காராதீங்க மாமா. இதைத் தட்டிக்கிட்டிருங்க, பொழுது போகும்” என்று கையில் திணித்துவிட்டுப் போனான். மேலிருந்து கட்டங்கள் விழும். திருப்பித் திருப்பிப் பொருத்த வேண்டும். ஒரு வரிசை இடைவெளியில்லாமல் நிரம்பினால் அந்த வரிசை மறைந்துவிடும், அவ்வளவுதான். ஆனால் ஒரு வேலையை ஒழுங்காக முடித்தால் அது கண்ணைவிட்டே போய்விடும் என்பதை நான் அதற்குமுன் எங்கும் பார்த்ததில்லை. கிடங்கில் ஓர் அறையை நிரப்பி முடிப்பதற்குள் இன்னொன்றைக் காலி செய்துவிடுவார்கள்.

பொழுது போயிற்று. ஆறு வருடமும் போயிற்று.

கண்ணை மூடினாலும் கட்டங்கள் விழுந்தன. பேருந்தில் ஓர் இருக்கை காலியாக இருந்தால் யாராவது உட்காரும்வரை எனக்கு மூச்சு முட்டும். மனைவி சண்டை போட்டுப் பார்த்தாள். கடைசியில், “உங்ககிட்ட பேசுறதும் சுவத்துகிட்ட பேசுறதும் ஒண்ணுதான்” என்று தலைமுழுகிவிட்டாள். எனக்கும் அது வசதியாக இருந்தது. நான் குடித்ததில்லை, கைநீட்டி அடித்ததில்லை. ஒரு மூலையில் உட்கார்ந்து ஆடினேன்.

கிடங்கில் ஒரு வழக்கம் உண்டு. அறை நிரம்பும்வரை, பின்சுவர்வரை ஆள் போய்வர ஒரு சந்து விட்டுவைப்போம். வெப்பநிலை பார்ப்பவன் உள்ளே போகுமுன் தன் சிவப்பு வில்லையை என் வண்டியில் மாட்டுவான். அது வண்டியில் தொங்கினால் சந்தை அடைக்கக் கூடாது. வெளியே வந்ததும் அவனே அதை எடுத்து வாசல் ஆணியில் மாட்டுவான்.

அந்தச் சனிக்கிழமை அரைநாள் வேலை. காலையில் நான் முந்நூற்றுப் பன்னிரண்டு வரிசையில் இருந்தேன். அதுவரை முந்நூறைத் தொட்டதே இல்லை. லாரி வந்துவிட்டதால் ஆட்டத்தை அப்படியே நிறுத்திவைத்து, கருவியை அலமாரியில் வைத்துவிட்டுப் போனேன். பதினொன்றரை மணிக்கு மச்சான் தன் வெப்பமானியை ஆட்டிக்கொண்டு வந்தான்.

“இதுல பேட்டரி செத்துப்போச்சு மாமா. உங்க டப்பாவுல இருந்து ரெண்டை உருவிக்கிட்டேன். கோச்சுக்காதீங்க, சாயங்காலம் புதுசாவே வாங்கித் தர்றேன்.”

பேட்டரியை எடுத்தால் அந்தக் கருவி எல்லாவற்றையும் மறந்துவிடும். அவனுக்கு அது தெரியாது.

“பரவால்லடா, போய் வேலையைப் பாரு” என்றேன்.

வில்லையை வண்டியில் மாட்டிவிட்டு விசிலடித்துக்கொண்டே நான்காம் அறைக்குள் போனான்.

எனக்குக் கோபம் வரவில்லை. நீங்கள் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான். அறை நிரம்பியிருந்தது, அந்தச் சந்து மட்டும் திறந்திருந்தது. என் வண்டியில் அதே அகலத்துக்கு ஒரு கட்டு இருந்தது. வில்லையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். கட்டைச் சந்தின் வாயில் செருகி, அதன்மேல் இன்னொன்றை ஏற்றினேன். விரல் நுழைய இடமில்லை. விளக்கை அணைத்துக் கதவைச் சாத்தினேன்.

ஒரு மணிக்கு எல்லோரும் கிளம்பும்போது லாரிக்காரர், “உங்க மச்சானைக் காணோமே?” என்று கேட்டார்.

“அவன் அப்பவே கிளம்பிட்டான்” என்றேன்.

திங்கட்கிழமை அந்தக் கட்டுகளை வெளியே எடுத்தவனும் நான்தான். வில்லை ஆணியில் இருந்ததால் அவன் அதை வண்டியில் மாட்ட மறந்துவிட்டான் என்று எல்லோரும் முடிவு கட்டினார்கள். உங்கள் அறிக்கையிலும் அப்படித்தான் இருக்கிறது. என் மனைவி மூன்று வாரமாகச் செத்துப்போன தம்பியைத் திட்டித் திட்டி அழுகிறாள். நேற்று முதன்முறையாக என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

“அவன் ரொம்பக் கஷ்டப்பட்டிருப்பானாங்க?”

“தூங்குற மாதிரி போயிருப்பான்” என்றேன்.

அது உண்மையில்லை. அறிக்கையில் ஒரு தவறு, வீட்டில் ஒரு தவறு. இரண்டையும் அப்படியே விட மனமில்லாமல்தான் இங்கே வந்தேன்.

அந்தச் சனிக்கிழமை எல்லோரும் போனபின் வாசல் கடையில் இரண்டு பேட்டரி வாங்கிக்கொண்டு உடை மாற்றும் அறைக்குத் திரும்பினேன். நான்காம் அறையின் பின்சுவருக்கு அந்தப் பக்கம்தான் அது. குளிர்க்குழாய் அந்தச் சுவரைத் துளைத்துக்கொண்டு வரும். ஓய்வு நேரத்தில் நான் அங்கே உட்கார்ந்துதான் ஆடுவேன் என்பது மச்சானுக்குத் தெரியும். அதனால் குழாயில் தட்டினான். மூன்று தட்டு, கொஞ்சம் இடைவெளி, மறுபடி மூன்று. அலமாரியில் அவனுடைய செல்போன் பலமுறை அடித்து ஓய்ந்தது. அவன் அக்காதான் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறாள்.

மூன்றரை மணிவரை தட்டினான். கடைசி அரைமணி நேரம் ஒவ்வொரு தட்டாகத்தான் கேட்டது. நான் எழுந்திருக்கவில்லை. பூஜ்யத்திலிருந்து ஆரம்பித்து முந்நூற்று நாற்பது வரிசை ஆடினேன். ஒருமுறைகூடக் கை பிசகவில்லை. அவன்மேல் எனக்குக் கோபம் இருந்திருந்தால் அவ்வளவு நன்றாக ஆடியிருக்க முடியுமா, நீங்களே சொல்லுங்கள்.