எந்தக் கம்பெனி கோட்டு?

நெவென்கா: மெதுவா இழுங்க யகோடா, மெதுவா… மொந்தவெல்லி அது.

யகோடா: கதவுத் தாழ்ப்பாள்ல மாட்டினது கோட்டுங்க. மொந்தவெல்லி எங்க வந்து மாட்டிச்சு?

நெவென்கா: ரெண்டும் ஒண்ணுதானே. இத்தாலிக் கம்பெனி. ஐயோ… பாக்கெட்டு பிஞ்சு தொங்குது. உள்ள லைனிங்கும் போச்சா?

யகோடா: ஒரு சாண் போயிருக்கு. கழட்டிக் குடுத்துட்டு உள்ள வாங்க சம்பந்தி. பனியில நின்னு அழுதா பாக்கெட்டு ஒட்டிக்குமா?

நெவென்கா: நான் ஒண்ணும் அழலை. கண்ணுல குளிரு.

யகோடா: சரி, குளிரு. அடுப்புப் பக்கமா உக்காருங்க. எங்க பில்யானாவும் உங்க பையனும் பூ வாங்கப் போயிருக்காங்க. உங்க வீட்டுக்காரரு எங்க, காருலயே உக்காந்துட்டாரா?

நெவென்கா: என்னை இறக்கி விட்டுட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போயிட்டாரு. ஸ்கோப்யேல இருந்து மத்த சொந்தக்காரங்க வர்ற பஸ் பதினொன்றரைக்கு. என் நாத்தனார் ஸ்தொயாங்காவும் அதுலதான் வர்றா. கடவுளே… அவ முன்னாடி இந்தக் கோலத்துல நிக்கணுமா?

யகோடா: கோட்டைக் கழட்டி ஆணியில மாட்டிட்டா யாரு பார்க்கப் போறா?

நெவென்கா: உங்களுக்கு அவளைத் தெரியாது. ஆணியில இருந்தா ஆணிகிட்டப் போவா. சாவு வீட்டுலயே கட்டிப் பிடிக்கிற சாக்குல என் காலரைப் புரட்டிப் பார்த்தவ. இன்னிக்கு நிச்சயதார்த்தம், விடுவாளா?

யகோடா: ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். போன தடவை வந்தப்பவே கவனிச்சேன். ஃபோனைக் காணோம்னா "என் சாம்சங் எங்க"ன்னு தேடுறீங்க. பையனோட புது வீட்டுக்கு ஃப்ரிட்ஜு வாங்கலை, போஷ் வாங்கியிருக்கீங்க. அதுக்குள்ள பால் இருக்கா, வெண்ணெய் இருக்கா, அந்தப் பேச்சே இல்ல.

நெவென்கா: இருக்கிறதைச் சொன்னா தப்பா? உங்க அடுப்பு என்ன கம்பெனி?

யகோடா: அடுப்பு. உள்ள ரொட்டியும் கறியும் வேகுது.

நெவென்கா: வாசனை நல்லா இருக்கு… பேச்சை மாத்தாதீங்க. எனக்கு நாலு குண்டூசி குடுங்க, போதும். குத்திட்டு இடது கையை மேல வெச்சு மறைச்சுக்கிறேன்.

யகோடா: மோதிரம் மாத்துற வரைக்கும் கையை அங்கயே வெச்சிருப்பீங்களா? ஃபோட்டோல நெஞ்சு வலிக்காரி மாதிரி நிப்பீங்க. கொண்டாங்க இப்படி. அரை மணி நேர வேலை.

நெவென்கா: வேணாம், வேணாம். கண்ட கை படக் கூடாது அதுல.

யகோடா: கண்ட கையா?

நெவென்கா: ஐயோ, உங்களைச் சொல்லலை. நீங்க எக்ஸ்போர்ட் மேனேஜர். உங்களுக்கு எதுக்கு ஊசியும் நூலும்?

யகோடா: யாரு?

நெவென்கா: நீங்கதான். பில்யானா போன வருஷமே சொல்லிட்டாளே. அம்மா எக்ஸ்போர்ட் மேனேஜர், தனி ரூம், ஃபைல் எடுத்துக் குடுக்க ஒரு பொண்ணுன்னு… எங்க கட்டடத்துல எல்லாருக்கும் தெரியும்.

யகோடா: பில்யானாவா சொன்னா…

நெவென்கா: ஏன், இல்லையா?

யகோடா: எக்ஸ்போர்ட்டுதான். நான் தொட்டதெல்லாம் இத்தாலிக்குத்தான் போகும். கோட்டைக் குடுங்க.

நெவென்கா: முகம் ஏன் இப்படி ஆயிடுச்சு உங்களுக்கு?

யகோடா: அடுப்புச் சூடு. நீங்க குளிருன்னீங்க, நான் ஏதாவது கேட்டேனா? குடுங்க சம்பந்தி, மணியாகுது.

நெவென்கா: பார்த்து… தொளாயிரம் யூரோ அது. மிலான்ல பெரிய தெருவுல வாங்கினது.

யகோடா: ம்.

நெவென்கா: யகோடா, நீங்க கத்திரி எங்க இருக்குன்னு பார்க்கவே இல்லையே. கை தானாப் போகுது.

யகோடா: வீட்டு வேலை. எல்லாப் பொம்பளைக்கும் வர்றதுதான்.

நெவென்கா: எனக்கு வராது… மெதுவாப் பிரிங்க.

யகோடா: இந்தப் பாக்கெட்டு மொதல்லயே ஒரு விரல் கீழ இருந்திருக்கு. அந்தப் பக்கத்தோட சமமா இல்ல, பார்த்தீங்களா?

நெவென்கா: அது ஸ்டைல். கடைக்காரியே சொன்னா.

யகோடா: எந்தப் பாஷையில சொன்னா?

நெவென்கா: கையால காட்டினா.

யகோடா: சரி. ஸ்டைலை ஒரு விரல் மேல ஏத்திடறேன். நேரா நிக்கும்.

நெவென்கா: ஏத்தலாமா? அவங்க டிசைன் கெட்டுப் போயிடாதா?

யகோடா: அவங்களே இதைத்தான் கேட்டிருப்பாங்க. வெளிச்சத்தை மறைக்காம தள்ளி உக்காருங்க… சம்பந்தி.

நெவென்கா: சொல்லுங்க.

யகோடா: கோவிச்சுக்க மாட்டீங்களே?

நெவென்கா: பெருசாக் கிழிஞ்சிடுச்சா?

யகோடா: அது இல்ல. இது என்ன துணி?

நெவென்கா: கம்பளி. தொட்டாத் தெரியலையா?

யகோடா: கைக்குத் தெரியுது. லேபிள்ல நூறு சதவீதம் பட்டுன்னு போட்டிருக்கு.

நெவென்கா: பட்டா? எங்க, காட்டுங்க.

யகோடா: அதோட, நாலு பக்கமும் தைச்சிருக்கு. மொந்தவெல்லி லேபிளை ரெண்டு ஓரத்துல மட்டும்தான் பிடிப்போம்… பிடிப்பாங்க.

நெவென்கா: நீங்க முன்னமே பார்த்துட்டீங்களா?

யகோடா: கையில வாங்கின உடனே.

நெவென்கா: கழுத்துல கட்டுற பட்டுக் குட்டை ஒண்ணு. என் பையன் ஒக்னென் மொதல் சம்பளத்துல எனக்கு வாங்கிக் குடுத்தது. அதுல இருந்த லேபிளைப் பிரிச்சுத் தைச்சேன். கீழ எழுதியிருந்ததைப் படிக்கவே இல்ல… பேரை மட்டும் பார்த்தேன்.

யகோடா: அப்போ மிலான்?

நெவென்கா: நான் ஏர்போர்ட்டு வாசலைக்கூடப் பார்த்ததில்ல. ஸ்கோப்யேல ஒருத்தி வீடு வீடா வந்து வித்தா. போதுமா? சிரிச்சுக்கோங்க.

யகோடா: சிரிக்கலை. எதுக்குன்னுதான் கேக்குறேன். கதகதன்னு இருக்கு, வெட்டும் நல்லா இருக்கு. அந்தப் பேரு இல்லைன்னா குளிருமா?

நெவென்கா: குளிரும். உங்களுக்குப் புரியாது. எங்க வீட்டுக்காரரு இரும்பு ஆலையில ஃபோர்மேன். ரெண்டு வருஷம் முன்னாடி மூடினாங்க. மறுநாளே படிக்கட்டுல நிக்கிறவங்க என் காய்கறிப் பையை எட்டிப் பார்த்தாங்க. இறைச்சி வாங்கினாளா, எலும்பு வாங்கினாளா… "பாவம் நெவென்கா." அந்தப் பாவத்தைக் கேட்டு எனக்கு உடம்பெல்லாம் எரிஞ்சுது.

யகோடா: ம்.

நெவென்கா: புதுக் கோட்டுன்னு சொன்னா எங்க வாங்கினே, என்ன விலை, காசு ஏதுன்னு வரிசையா வரும். மொந்தவெல்லின்னேன். அவ்வளவுதான், வாயை மூடிட்டாங்க. அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிட்டா யாரும் எனக்காகப் பாவப்பட மாட்டாங்க. பசியைத் தாங்கிடலாம் யகோடா, ஸ்தொயாங்கா பாவப்படறதைத் தாங்க முடியாது.

யகோடா: இந்த லேபிளைப் பிரிச்சுடறேன்.

நெவென்கா: ஐயோ, அப்புறம் நான் என்ன சொல்றது?

யகோடா: படிக்கத் தெரிஞ்சவ புரட்டிப் பார்த்தா பட்டுன்னு இருக்கும். அதுக்கு ஒண்ணும் இல்லாம இருக்கிறதே மேல். இந்தாங்க, குட்டையிலயே திரும்ப வெச்சுத் தைங்க, பையன் வாங்கிக் குடுத்தது… இப்ப நான் ஒண்ணு சொல்லணும். சொல்லிட்டுத்தான் இந்த நூலை அறுப்பேன்.

நெவென்கா: எதுக்குப் பயமுறுத்துறீங்க?

யகோடா: இங்க பாருங்க, லைனிங்குக்கு உள்ள. தோள் பக்கம் சாக்கட்டியில கோணலா ஒரு கோடு. தெரியுதா?

நெவென்கா: தெரியுது.

யகோடா: அது என் கோடு. இந்தக் கோட்டுக் கையை வெச்சுத் தைச்சது நான்.

நெவென்கா: யகோடா, அது வந்து…

யகோடா: மேனேஜரும் இல்ல, ரூமும் இல்ல. மொந்தவெல்லிக்குத் தைக்கிற ஃபேக்டரியில மூணாவது லைன், ஜன்னல் பக்கத்து மிஷின். இருபத்து மூணு வருஷமா கோட்டுக்குக் கை வைக்கிறேன். கையோட வளைவு தோள் வெட்டைவிடப் பெருசா இருக்கும் சம்பந்தி. பெருசைச் சின்னதுக்குள்ள ஒரு சுருக்கம் தெரியாம அடக்கணும். காலர்க்காரி பட்டன்காரி எல்லாம் ஆறு மாசத்துல கத்துக்குவாங்க. கைக்கு நாலு வருஷம் ஆகும். பாக்கெட்டு கோணல்னு செக்கிங்குல தள்ளியிருக்காங்க, சந்தைக்கு வந்திருக்கு. கையில ஒரு குறை சொல்லட்டும் பார்க்கலாம்.

நெவென்கா: தோள் அப்படியே உக்காரும்… போட்ட அன்னிக்கே தெரிஞ்சுது.

யகோடா: உக்காரும். நான் உக்கார வெச்சேன். இந்தச் சம்பளத்துலதான் பில்யானா காலேஜு படிச்சா. அவ போய் அம்மா மேனேஜர்னு சொல்லியிருக்கா… வலிக்குது சம்பந்தி. பொய் சொல்லத் தெரியாது எனக்கு. இந்த அரை மணி நேரமா சொல்லிப் பார்த்தேன், வரலை.

நெவென்கா: சின்னப் பொண்ணு… ஏதோ பயத்துல.

யகோடா: பயம்னாலும் வெக்கம்னாலும், அந்தப் பொய் மேல அவ கையில மோதிரம் ஏற விடமாட்டேன். தெரிஞ்சா கத்துவா, கத்தட்டும். நான் தையல்காரி. உங்க குடும்பத்துக்கு அது குறைச்சல்னா பஸ்ஸு வர்றதுக்கு முன்னாடி சொல்லிடுங்க. அவளுக்கு நானே சொல்லிக்கிறேன். கறியைப் பொட்டலம் கட்டித் தர்றேன், வழியில சாப்பிட்டுப் போங்க.

நெவென்கா: யகோடா, நான் வந்து… உங்ககிட்ட நான்…

ஸ்தொயாங்கா: யாரு வீட்டுல? கதவு திறந்தே கிடக்குது… அட, அண்ணி இங்கயா இருக்கீங்க? பஸ்ஸு சீக்கிரமே வந்துடுச்சு. அண்ணன் பின்னாடி மூட்டையெல்லாம் தூக்கிட்டு வர்றாரு. நான் முன்னாடி ஓடி வந்துட்டேன்.

நெவென்கா: ஓடி வருவேன்னு தெரியும் ஸ்தொயாங்கா.

ஸ்தொயாங்கா: இவங்கதான் சம்பந்தியம்மாவா? மேனேஜர்னு சொன்னாங்க… மடியில கோட்டு, வாயில நூலு. என்ன அண்ணி, பொண்ணோட அம்மாவையே வேலை வாங்குறீங்க?

யகோடா: வாங்கம்மா. உக்காருங்க. முடிஞ்சுது, ஒரே ஒரு முடிச்சு. எந்திரிங்க சம்பந்தி, போட்டுப் பாருங்க. பாக்கெட்டு இப்ப நேரா இருக்கு.

ஸ்தொயாங்கா: ஓ, அந்த மிலான் கோட்டு இதுதானா? காட்டுங்க அண்ணி, திரும்புங்க… தோள் நல்லாத்தான் உக்காந்திருக்கு, அதைச் சொல்லணும். காலரை இப்படிக் காட்டுங்க. லேபிளையே காணோமே?

யகோடா: நான்தான்…

நெவென்கா: நீங்க இருங்க சம்பந்தி. என்னைத்தானே கேக்குறா.

ஸ்தொயாங்கா: ஊசி போன ஓட்டைதான் இருக்கு. படிக்கட்டுல ஊரையே கூட்டிச் சொன்னீங்களே அண்ணி. என்ன பேரு அது… இதுல ஒண்ணும் இல்லையே. உண்மையைச் சொல்லுங்க, எந்தக் கம்பெனி?

நெவென்கா: யகோடா. கம்பெனி பேரு யகோடா. இதோ முன்னாடி நிக்கிறாங்களே, என் சம்பந்தி, அவங்கதான். நல்லாக் கேட்டுக்கோ, ஊருக்குப் போய்ச் சொல்லணும். அக்டோபர்ல பொண்ணு எப்படிப்பட்ட வீடுன்னு பார்க்க யாருகிட்டயும் சொல்லாம இந்த ஊருக்கு வந்தேன். மேனேஜரம்மா எந்தக் காருல வீட்டுக்குப் போறாங்கன்னு பார்க்க ஃபேக்டரி வாசல்ல நின்னேன். மூணு மணிக்கு ஷிஃப்டு விட்டாங்க. தலையெல்லாம் நூலோட ஒரு அம்மா வெளிய நடந்து வந்தாங்க. பின்னாடி வந்த பொண்ணுங்க அத்தனை பேரும் ஒதுங்கி அவங்களுக்கு வழி விட்டாங்க. யாருன்னு கேட்டேன். "யகோடாக்கா. அவங்க கை வெச்ச கோட்டு இத்தாலியில இருந்து ஒண்ணுகூடத் திரும்பி வந்ததில்ல"ன்னாங்க. அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன், இந்த வீட்டுப் பொண்ணுதான் என் வீட்டுக்கு மருமகள்னு. நேரா சந்தைக்குப் போய் அவங்க கை வெச்ச கோட்டுதான் வேணும்னு கேட்டு வாங்கினேன். விக்கிறவளும் பழைய லைன்காரி, தோளைப் பார்த்தே எடுத்துக் குடுத்தா. வீட்டு வாசல்ல வாங்கினதுன்னு சம்பந்திகிட்டச் சொன்னது, வேவு பார்த்ததைச் சொல்ல வெக்கப்பட்டுத்தான். உன்னை மாதிரி ஆளுங்களுக்குப் பயந்துதான் கண்ட பேரை அது மேல தைச்சேன். இன்னிக்கு அந்தப் பேரை அவங்க கையாலயே பிரிச்சாச்சு. இப்ப உன் கையை எடு ஸ்தொயாங்கா, தோள் கசங்குது.