நீல லைனில் நின்ற ஐந்து ஆம்பியர்

மேடையில் வீற்றிருக்கும் பம்புசெட் மெக்கானிக் சங்கத் தலைவர் வெங்கடாசலம் அவர்களே! கண்ணையனுக்கு அஞ்சலி செலுத்த வேலையை அப்படியே நிறுத்திவிட்டு வந்திருக்கும் திண்டிவனத்து, கிளியனூர்ப் பெருமக்களே! இதெல்லாம் நடக்கும் என்று 1993-லேயே சொன்னவன் நான். "கண்ணையன் போகும் நாளில் இந்தத் தாலுகாவுக்கே ஒரு ஃபேஸ் குறையும்" என்றேன். குறைந்ததா, இல்லையா?

மோட்டார் வைத்தியர் கண்ணையன்! என் அக்காள் மகன் என்பதற்காகப் புகழவில்லை. நான் எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். ஆனாலும் கரண்டின் மனசு எனக்குத் தெரியும். சிவப்பு, மஞ்சள், நீலம் என்று அதற்கு மூன்று ஃபேஸ். நெய்வேலியிலிருந்து புளியமரங்களுக்கு மேலே கம்பியில் நடந்து வரும் மூன்று பேர் அவர்கள். மூவரும் ஒரே அளவு பாரம் தூக்கினால், மோட்டார் முனகுகிற சத்தத்தில் நமக்கே தூக்கம் வரும். ஒருவன் தளர்ந்தால் மற்ற இருவர் மேலும் பாரம் விழும். மோட்டார் கொதிக்கும்!

2004-ஆம் வருஷம். இதோ முன்வரிசையில் இருக்கும் வெள்ளையம்மாளின் நிலம். மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, மண்ணில் விழுது இறக்கும் நேரம். மோட்டாரில் கை வைக்க முடியாத சூடு.

"ரெண்டு வாட்டி மோட்டார எறக்கி, உள்ள கம்பிக் காயிலு புதுசா கட்டிக்கினு வந்தாச்சு. இன்னொரு வாட்டி எறக்கினா எட்டு நாளு ஆவும். அதுக்குள்ள பயிரு பூடும்பா" என்று கலங்கினார் அந்த அம்மாள்.

கண்ணையன் கரண்டை அளக்கும் டாங் டெஸ்டரால் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கவ்விப் பார்த்தார். ஒன்பது ஆம்பியர், ஒன்பது, ஐந்து! நீலத்தில்தான் ஐந்து.

"மாமா, என்னா பண்ணலாம்?"

"மூணு ஒயரையும் ஒரு எடம் தள்ளி மாட்டிப் பாருடா!" என்றேன் நான்.

கரண்டை நிறுத்தி மாட்டினார். மூன்றையும் தள்ளினால் சுற்றும் திசை மாறாது. நோய் மட்டும் தன் வீட்டைக் காட்டிக்கொடுத்துவிடும். ஐந்து, மோட்டார் ஒயரோடு நகர்ந்தால் கோளாறு காயிலில். நகர்ந்ததா? இல்லை! வருகிற நீல லைனிலேயே நின்றது.

"எம்மா, மோட்டாரு நல்லாத்தான் இருக்குது. வர்ற வழியிலதான் நோவு" என்றார். நீல ஃபியூஸ் கட்டையின் பிடி கறுத்துத் தளர்ந்திருந்தது. மாற்றினார்.

மூன்றும் ஏழில் நின்றன. கனவில் வருவது போலச் சத்தமில்லாமல் வாய்க்காலில் தண்ணீர் வந்தது. மல்லாட்டையின் மஞ்சள் பூக்கள் அதில் அசைந்தன. கண்ணையன் மோட்டார்மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடியிருந்தார். இப்போதும் எங்கோ அப்படித்தான் நிற்கிறார். நான் வேறு மாதிரி நினைக்கமாட்டேன்.

அவர் பெயரால் சொல்கிறேன்: இனி மூன்று ஒயரையும் தள்ளி மாட்டிப் பார்க்காமல் எந்த மோட்டாரையும் இறக்க விடமாட்டேன்!

வெள்ளையம்மாள் என்னையே பார்க்கிறார். சரி, சொல்லிவிடுகிறேன். அன்று ஒயரைத் தள்ளி மாட்டச் சொன்னது நானில்லை. யாரையும் கேட்காமல் கண்ணையனேதான் மாட்டினார். "இதுல பார்க்கறதுக்கு என்னா இருக்குது, அவுத்து வண்டியில ஏத்து" என்று கயிற்றோடு நின்றவன்தான் நான்.