கானமயிலுக்குக் கால் எண்ணத் தெரியாது

கானமயில் மாட்டுக்குப் பயப்படாது, ஏட்டய்யா. மனிதனைக் கண்டால் கூப்பிடு தூரத்திலேயே பறந்துவிடும். மாடு மேய்ந்துகொண்டே வந்தால் தலையைக்கூடத் தூக்காது. அதனால் நாங்கள் மாட்டின் மறைவில் நடந்து அதை நெருங்குவோம். "மாட்டுக்கு ஆறு கால் இருந்தா என்ன, கானமயிலுக்கு எண்ணவா தெரியும்?" என்று என் மச்சினன் கருத்தக்கண்ணன் சொல்லிச் சிரிப்பான்.

அவனுடைய அக்காள், என் பெண்சாதி மூக்கம்மாள், உயிரோடு இருக்கிறாள். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். அவள் நன்றாக இருக்கவேண்டும் என்றுதான் நானாகவே டேசனுக்கு வந்தேன்.

பெரியாற்று அணை வேலைக்கு வந்த துரைமார் கானமயில் கறி கேட்டார்கள். அல்லிநகரத்துக்குக் கிழக்கே பொட்டலில், ஆட்டுக்குட்டி உயரத்துக்கு, ஒன்று நின்றது. கருத்தக்கண்ணன் மாட்டோடு நடந்து அதை என் பக்கம் ஒதுக்கிக்கொண்டு வந்தான். நான் துப்பாக்கியோடு புல்லுக்குள் படுத்திருந்தேன். பறவை மாட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. மாட்டு வயிற்றுக்கடியில் புழுதி படிந்த இரண்டு கால் தெரிந்தது. பறவைதான் என்று சுட்டேன். அது என் மச்சினனின் கால். அந்தக் காயத்தில்தான் செத்தான் என்று ஊர் நம்புகிறது.

வேட்டியைக் கிழித்துக் கட்டினேன், ரத்தம் நின்றுவிட்டது. அழுதுகொண்டிருந்த என்னை, பாவம், அவன்தான் தேற்றினான். "அழுகாதீக மச்சான். நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்."

அவன் அப்படிச் சொல்கிறவரைக்கும், சொல்வதற்கு ஒன்று இருக்கிறது என்றே எனக்குத் தோன்றவில்லை. தோன்றியதும் தூக்குக்கயிறு கண்ணுக்குள் ஆடியது. தலைக்கு மேல் ஆட்காட்டிக் குருவி விடாமல் கத்தியது. ஆள் இருக்கிற இடத்தைக் காட்டிக்கொடுப்பதுதானே அதன் பிழைப்பு. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்குப் பட்டப்பகலே இருண்டு கிடந்தது. துப்பாக்கியில் மறுபடி மருந்து கெட்டித்தேன்.

"குருவியவா சுடப்போறீக? விடுங்க மச்சான், அது பாட்டுக்குக் கத்திட்டுப் போகுது" என்றான்.

நான் குருவியைச் சுடவில்லை.

அன்று மூக்கம்மாள் பொட்டலுக்குப் பக்கத்துக் கரட்டு அடிவாரத்தில் புல் அறுத்துக்கொண்டிருந்திருக்கிறாள். கருமாதியெல்லாம் முடிந்து, இன்று காலையில் கூழ் ஊற்றிக்கொண்டே கேட்டாள்: "அங்கன ரெண்டு வெடி கேட்டுச்சே, ஒன்னுன்னுல்ல சொன்னீக?"

கூழ்ச்சட்டியைக் கீழே வைத்துவிட்டேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "தம்பிதான் போயிட்டான். நீங்களும் போயிட்டா நான் எங்கிட்டுப் போவேன்? யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்."

அவள் சொல்லி முடிக்குமுன்னே என் கை தானாகத் துப்பாக்கியில் மருந்து கெட்டித்துவிட்டது. கூழைக் குடிக்காமல், அதை எடுத்துக்கொண்டு ஓடிவந்துவிட்டேன்.

நான் கெட்டவன் இல்லை, ஏட்டய்யா, பயந்தவன், அவ்வளவுதான். பயம் இல்லாவிட்டால் எறும்பைக்கூட மிதிக்க மாட்டேன். துப்பாக்கி உங்கள் மேசைமேல் கெட்டித்தபடியே இருக்கிறது, கொஞ்சம் தள்ளி வையுங்கள். உங்களைப் பார்த்தால் இரக்கமுள்ள மனிதராகத் தெரிகிறது. என்னைத் தேற்றுவதற்காக, யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று மட்டும் நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.