நான் ஒட்டிய உறை

கால் ஊறுகிற தண்ணீர் அதிகம் சுடக் கூடாது, மேடம். நம் முழங்கையை விட்டுப் பார்த்தால் இதமாக இருக்க வேண்டும். சர்க்கரை நோயாளி என்றால் இன்னும் நிதானம். பலருக்குச் சுட்டாலும் தெரியாது, வெட்டினாலும் தெரியாது.

நகத்தை நேராக வெட்டி, ஓரத்தை அரத்தால் மழுக்குவேன். குதிகாலைத் தேய்ப்பேன், கீற மாட்டேன். ஒருவர் எழுந்ததும் தொட்டியைக் கிருமிநாசினி விட்டுக் கழுவி, கருவிகளைச் சோப்புப் போட்டுத் தேய்த்து, உறையிலிட்டு ஒட்டி, கிருமியைக் கொல்லும் ஆவிப் பெட்டியில் வைப்பேன். அடுத்தவரின் கண்ணெதிரேதான் உறையைக் கிழிப்பேன்.

பக்கத்து நாற்காலி மைனாவுடையது. ஓயாமல் பேசுவதால் அந்தப் பெயர். நகவெட்டியைப் பஞ்சால் ஒரு இழுப்பு இழுப்பாள், அடுத்த காலுக்குப் போய்விடுவாள். பார்லர் முதலாளியம்மாவிடம் சொன்னேன்.

"நீ ஒரு காலைக் கழுவுறதுக்குள்ள அவ மூணு பேரை அனுப்பிடறா. உன் சுத்தத்தைக் கட்டிட்டு அழறதே எனக்கு வேலையாப் போச்சு" என்றார்.

ஆனாலும், மைனாவும் இனி நான் ஒட்டிய உறையைத்தான் எடுக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். மைனாவுக்கு ஏக சந்தோஷம். "அக்கா ஒட்டினா கண்ணை மூடிட்டு எடுக்கலாம்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். நான் கழுவினேன், அவள் பேர் வாங்கினாள்.

கணக்கு டீச்சர் எப்போதும் என்னிடம்தான் வருவார். சர்க்கரையால் பாதம் மரத்துப்போனவர். ஒருநாள் என்னைத் தாண்டிப் போய் மைனாவிடம் உட்கார்ந்தார்.

"கோவிச்சுக்காதேம்மா. உன்கிட்ட உட்கார்ந்தா ஆபரேஷனுக்குப் படுத்த மாதிரி இருக்கு. இவ சிரிக்க வைக்கறா."

"சிரிச்சுட்டே காலை ஆட்டாதீங்க டீச்சர். அப்புறம் சுண்டுவிரல் என் கையோட வந்துடும்" என்றாள் மைனா. டீச்சர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

அவள் அலட்சியத்துக்கு என்றாவது பலன் தெரியும் என்று காத்திருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. எவ்வளவு எரிச்சலாக இருக்கும், யோசித்துப் பாருங்கள்.

சீழ் வைத்த விரலோடு ஒரு லாரி டிரைவர் வந்தார். அப்படிப்பட்ட காலைத் தொடவே கூடாது, டாக்டரிடம் அனுப்ப வேண்டும். நான் நகம் வெட்டிவிட்டேன். நகவெட்டியைக் கழுவவில்லை, ஆவிப் பெட்டியிலும் வைக்கவில்லை. உறையில் போட்டு, சுருக்கம் விழாமல் ஒட்டி, மறுநாள் டீச்சர் வந்ததும் மைனாவின் தட்டில் வைத்தேன்.

அவள் பேசிக்கொண்டே ஓரத் தோலை வெட்டினாள். துவாலையில் ஒரு சிவப்புப் பொட்டு விழுந்தது. டீச்சருக்கு வலிக்கவில்லை. மைனா கவனிக்கவில்லை. நான் பார்த்தேன். அடுத்தவர் வேலையில் குறுக்கே பேசுவது எனக்குப் பழக்கமில்லை.

புண் புரையோடி, டீச்சரின் ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மைனா தேம்பித் தேம்பி அழுதாள். வந்தவர்கள் எல்லாரும் அவளைத்தான் தேற்றினார்கள். ஆவிப் பெட்டியில் கோளாறு என்று முதலாளியம்மா உங்கள் போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தாராம். அதைக் கேட்ட பிறகுதான் நானே கிளம்பி வந்தேன். அந்தப் பெட்டியில் ஒரு கோளாறும் இல்லை, மேடம்.

ஆஸ்பத்திரிக்குப் போய் டீச்சரைப் பார்த்தேன். "மிச்சம் இருக்கறதையாவது நீயே பார்த்துக்கோம்மா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

இந்நேரம் அந்தக் காலில் நகம் வளர்ந்திருக்கும். சீக்கிரம் எழுதி முடித்து என்னை அனுப்பி வையுங்கள். வேறு யாரையும் நம்பி அவரை விட முடியாது.