வெள்ளிக்கிழமைக்கு ஒரு குரல்

லினக்ஸில் வைரஸ் வராது. தொண்டியில் எங்கள் தெருவுக்கு அதைக் கொண்டுவந்தபோது நான் முதலில் சொன்னது அதைத்தான். அடுத்து, காசு கிடையாது என்றேன். இரண்டுமே உண்மை. நான் பொதுவாகப் பொய் சொல்வதில்லை. ஒரு வீட்டில் லினக்ஸ் நிலைத்து நிற்க என்ன வழி என்று நம் குழுவில் கேட்டிருந்தீர்கள். என் அனுபவத்தைச் சொல்கிறேன்.

வளைகுடாவிலிருந்து வந்த பழைய கம்ப்யூட்டர்களும் அரசாங்கம் கொடுத்த லேப்டாப்களும் உப்புக்காற்றில் இருமிக்கொண்டிருந்த தெரு எங்களுடையது. வீடு வீடாகப் போய் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டேன். எல்லா வீட்டுக்கும் ஒரே பாஸ்வேர்டு: என் பேர். யாரும் மறக்கக்கூடாதே என்றுதான். லினக்ஸ் எதற்கெடுத்தாலும் பாஸ்வேர்டு கேட்கும், உங்களுக்கே தெரியும். ஆக, என் அம்மா கூப்பிடுவதைவிட அதிகமாகத் தெரு என் பேரைத் தட்டிக்கொண்டிருந்தது. அது எனக்குப் பிடித்திருந்தது.

பக்கத்து வீட்டு ஜுனைதா சித்திதான் அடிக்கடி கூப்பிடுவார். "சூர்யா, சத்தம் வரமாட்டேங்குது, செத்த வந்துட்டுப் போ வாப்பா." அவர் கணவர் ஹாஜா முகைதீன் ஷார்ஜாவில் இறந்து அங்கேயே அடக்கமானவர். போனில் அவர் அனுப்பிய குரல் பதிவுகளை, சித்தி போன் மாற்றியபோது நான்தான் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுத்தேன். பெரிய விஷயம் எதுவும் அவற்றில் கிடையாது. கேஸ் வந்துச்சா, மோட்டாரைப் போட்டுட்டு மறந்துறாத, இங்கன வெயில் மண்டையைப் பொளக்குது. மதியம் லுஹர் தொழுகை முடிந்ததும் சித்தி அதைக் கேட்பார். சத்தம் வராவிட்டால் நான் போவேன். நான் போனால் இடியப்பமும் மீன் ஆணமும் வரும்.

அப்புறம் இர்பான் வந்தான். சித்தியின் அக்கா மகன், சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்று சித்தி வீட்டில் வந்து உட்கார்ந்துகொண்டான்.

"ஏலே சூர்யா, ஊருக்கே ஒரே சாவியா? களவாணிப் பயகூட வெக்கப்படுவான்லே" என்று சிரித்தான். ஒவ்வொரு வீடாகப் போய் பாஸ்வேர்டை மாற்றினான். அவன் சொன்னது சரி. நியாயத்தை நியாயமாகச் சொல்லவேண்டும். சத்தம் வராவிட்டால் என்ன செய்வது என்று சித்திக்கும் சொல்லிக் கொடுத்துவிட்டான். "நானே சரி பண்ணிட்டேன் தம்பி!" என்றார் சித்தி, சுவருக்கு அந்தப் பக்கமிருந்து. வாழ்த்தினேன். அதற்குப்பின் அந்த வீட்டிலிருந்து "இர்பானு, இர்பானு" என்ற பேர்தான் கேட்டது. ஆணத்தின் வாசனை மட்டும் சுவர் ஏறி வந்தது.

பாஸ்வேர்டு மாறினாலும், என் வீட்டிலிருந்தே அந்தக் கம்ப்யூட்டருக்குள் போக நான் முன்பே ஒரு வழி வைத்திருந்தேன். பழுது பார்க்கத்தான். இர்பான் அதைக் கவனிக்கவில்லை. ஒருநாள் சத்தத்தை நிறுத்தினேன். சித்தி சரிசெய்தார். திரையில் எழுத்தைக் கடுகாக்கினேன். அதையும் சரிசெய்தார். அவரால் சரிசெய்ய முடியாத பழுது ஒன்று தேவை என்று புரிந்தது.

லினக்ஸின் புதிய பதிப்பைப் போடுவதற்கு முன்னால் இர்பான் டீக்கடையில் என்னிடம் கேட்டான். "சித்தப்பா வாய்ஸெல்லாம் கெடக்கு. காப்பி எடுத்துக்கிருவமா?"

"அது தனி இடத்துல இருக்குலே. புதுசு போட்டாலும் அதைத் தொடாது."

இதுவும் உண்மை.

மறுநாள் சித்தி ஏர்வாடிக்குப் போயிருந்தார். இர்பான் புதிய பதிப்பை இறங்க விட்டுவிட்டு ஜும்மாவுக்குப் போனான். கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. என் பழைய வழியாக உள்ளே போய்ப் பதிவுகளை என் லேப்டாப்புக்கு நகலெடுத்தேன். அங்கே இருந்ததைத் துடைத்தேன். அவன் திரும்பி வந்து புதியதைப் போட்டான்.

ஏர்வாடியிலிருந்து வந்த சித்தி திட்டவில்லை. "ஒண்ணுகூடவா இல்ல?" என்று மட்டும் கேட்டார். இர்பான் தரையில் உட்கார்ந்திருந்தான். சில நாளில் சென்னைக்குக் கிளம்பினான். சித்தி வாசலுக்கு வரவில்லை. பஸ் ஸ்டாண்டு வரை அவன் பையை நான்தான் தூக்கிப் போனேன்.

அழிந்ததை மீட்க வழி இருக்கிறது, ஆனால் மெதுவாகத்தான் வரும் என்று சித்தியிடம் சொன்னேன். வெள்ளிக்கிழமைக்கு ஒன்று வீதம் கொண்டுபோகிறேன். முதல் பதிவு ஓடியபோது என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மொத்தமாகக் கொடுத்திருந்தால் இத்தனை சந்தோஷம் இத்தனை நாளைக்கு வருமா? யோசித்துப் பாருங்கள்.

கொடுப்பதற்கு முன் எல்லாவற்றையும் கேட்டேன். ஹாஜா முகைதீன் ஆட்டுக்குட்டியை விசாரிக்கிறார். எங்கள் வீட்டுப் பூனையை விசாரிக்கிறார். "எதுன்னாலும் இர்பானைக் கேளு, அவன் நம்ம புள்ள" என்று பல இடத்தில் சொல்கிறார். என் பேர் ஓரிடத்திலும் இல்லை. இர்பான் பேர் வந்தவற்றை மட்டும் அழித்தேன். நிஜமாகவே போனது அவ்வளவுதான். மற்றவை பத்திரமாக இருக்கின்றன.

போன வெள்ளிக்கிழமை சித்தி கேட்டார். "ஏன் வாப்பா, இர்பானைப் பத்தி அவுக ஏதோ சொல்லியிருந்தாகளே, அது வரலையா?"

"அது கெட்டுப்போச்சு சித்தி."

"போகட்டும். நீ இருக்கியே" என்று இடியப்பத்தை எடுத்து வைத்தார். பிறகு நினைவு வந்தவராக, "பாஸ்வேர்டைப் பழையபடி உன் பேருக்கே மாத்திட்டேன்" என்றார்.

நான் மாற்றச் சொல்லவில்லை. அவராக மனசார மாற்றியது. இதை மட்டும் மறக்காமல் குறித்துக்கொள்ளுங்கள்.