செல்லப்பா கடையின் பின்கட்டு அடுப்பைப் பற்றி நான் கண்டது

பெயர் சீதாலக்ஷ்மி. வயது முப்பத்தெட்டு. மிளகுக் கம்பெனியில் குமாஸ்தாவாக இருக்கும் கல்யாணராமனின் மனைவி. மட்டாஞ்சேரி, கிழக்கே மடத்துத் தெரு, ஒன்பதாம் எண் வீட்டில் குடியிருக்கிறேன். தொழில் வீட்டுக் காரியம். நான் பள்ளிக்கூடம் போனதில்லை. கல்யாணத்துக்குப் பிறகு பஞ்சாங்கத்தையும் மளிகைப் பொட்டலம் கட்டிவரும் தாள்களையும் பார்த்து எழுத்துக் கூட்டிப் படித்தேன். மலையாளம் பேச வரும், எழுத வராது. ஆகையால் கோர்ட்டாரின் அனுமதியோடு இதைத் தமிழில் என் கையாலேயே எழுதித் தருகிறேன். தேதிகளை என் வீட்டுக் கணக்கு நோட்டுகளைப் பார்த்துக் குறித்திருக்கிறேன்.

கோர்ட்டார் விசாரிப்பது 1964 நவம்பர் 11, புதன்கிழமை, எங்கள் தெருமுனையில் உள்ள கொப்பரைத் தேங்காய்க் கிடங்கில் தீப்பிடித்ததைப் பற்றி. பக்கத்தில் டீக்கடை வைத்திருக்கும் செல்லப்பாவின் பின்கட்டு அடுப்பிலிருந்து பொறி பறந்ததுதான் காரணம் என்று கிடங்கு மானேஜர் எழுதிக் கொடுத்திருக்கிறார். அதனால் கடை லைசென்சு நிறுத்தப்பட்டு, செல்லப்பாவின் பேரில் வழக்கு நடக்கிறது. எனக்கும் அவருக்கும் உறவோ கடன் பாக்கியோ இல்லை. அவரை எப்படித் தெரியும் என்று கேட்டதால் முதலில் அதைச் சொல்லுகிறேன்.

நான் 1944இல் கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்தபோது இங்கே இருந்தது வாஞ்சிநாதன் அவர்களின் மளிகைக் கடை ஒன்றுதான். கிழக்கே காயல், மேற்கே கோவில், நடுவில் இருபத்திரண்டு வீடு. காலையில் வாசல் தெளிக்கும்போது காயல் காற்றோடு சுக்கு வாசனையும் மிளகு வாசனையும் வரும். கிணற்றுத் தண்ணீர் உப்பு. குடிக்கிற தண்ணீருக்கு மூன்று தெரு தள்ளிப் போகவேண்டும். நான் தினமும் ஆறு குடம் சுமந்தேன், ஏகாதசியன்றும் சுமந்தேன்.

1952 சித்திரையில் செல்லப்பாவும் அவர் மனைவி மூக்கம்மாளும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, தெருமுனையில் ஒரு தேயிலைப் பெட்டியைக் கவிழ்த்து அதன்மேல் கெட்டிலை வைத்து டீ விற்கத் தொடங்கினார்கள். அதைப் பார்த்த வாஞ்சிநாதன் அவர்கள், “வெயில் கொள்ளாண்டாம், இங்கே கேறி இருந்துக்கோ” என்று தன் கடைச் சாய்ப்பில் இடம் கொடுத்தார். அதன் பிறகு இரண்டு வருஷத்தில் செல்லப்பா கிடங்குக்குப் பக்கத்தில் சொந்தமாக ஓலைக் கூரை போட்டார். வாசலில் ஒரு பெஞ்சும் போட்டுத் தமிழ்ப் பத்திரிகை ஒன்று, மலையாளப் பத்திரிகை ஒன்று வாங்கி வைத்தார். எங்கள் வீட்டு ஆண்கள் அங்கே டீ குடிக்கமாட்டார்கள். ஆனால் பத்திரிகை படிக்க எல்லாரும் போவார்கள்.

தெருவுக்குக் குழாய் வேண்டும் என்ற பேச்சு அந்தப் பெஞ்சில்தான் எழுந்தது. 1955இல் முனிசிபாலிட்டிக்கு மனு எழுதினார்கள். ஆண்கள் எல்லாரும் கையெழுத்துப் போட்ட பிறகு செல்லப்பா என் கணவரிடம், “சாமி, தண்ணி சொமக்குறது அம்மாமாருல்லா? அவுக கையெழுத்து இல்லாம இது என்ன மனு?” என்று கேட்டாராம். அதன் பிறகு மனுவை வீடு வீடாகக் கொண்டுவந்தார்கள். செல்லப்பா அந்த மனுவுக்காக எத்தனை தடவை ஆபீசுக்கு நடந்தார் என்பது எனக்குத் தெரியாது. போகிற அன்றெல்லாம் சட்டை போட்டுக்கொண்டு போவார், அதனால் தெருவுக்கே தெரியும்.

1957 தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை குழாயில் தண்ணீர் வந்தது. சந்தனம் குங்குமம் வைத்துத் தேங்காய் உடைத்தோம். மூக்கம்மாள் குடத்தோடு தள்ளி நின்றாள். வாஞ்சிநாதனின் மனைவி லோகாம்பாள் மாமி அவளைக் கூப்பிட்டு, “நீ வாடி முன்னாலே. ஒன் ஆம்படையான் நடந்த நடைக்காக்கும் இந்தத் தண்ணி” என்று முதல் குடத்தை அவளைப் பிடிக்கச் சொன்னார். சில பேருக்கு முகம் சுருங்கியது. ஆனால் யாரும் திரும்பிப் போகவில்லை.

அதன் பிறகு எங்களுக்குப் பொழுது மிஞ்சியது. மாமியும் நானும் இன்னும் நாலு பேரும் அப்பளம் இட்டோம். செல்லப்பா அதைக் கட்டுக்கட்டாகக் கடையில் தொங்கவிட, வள்ளக்காரர்கள் படகில் ஆலுவா வரைக்கும் வாங்கிக்கொண்டு போனார்கள். அந்த வரும்படியில் தெருப் பெண்களுக்காக ஒரு தையல் மெஷின் வாங்கி லோகாம்பாள் மாமி வீட்டு ரேழியில் வைத்தோம். பிறகு மாவு மில் வந்தது, சைக்கிள் கடை வந்தது, கம்பத்தில் விளக்கு வந்தது. 1962இல் எண்ணிப் பார்த்தேன், தெருவில் பதினொரு கடை. சாயங்காலம் கோவில் மணி, மில் சத்தம், சைக்கிள் மணி, செல்லப்பா டீ ஆற்றுகிற சத்தம் எல்லாம் சேர்ந்து கேட்கும்போது, இது நாங்கள் கொண்டுவந்த சத்தம் என்று நினைத்துக்கொள்வேன்.

இனி அன்றைய தினத்தைப் பற்றி.

நவம்பர் 11, மலையாளத்துக்குத் துலாம் 26, விடியற்காலை நாலு மணிக்கு வாஞ்சிநாதன் அவர்கள் காலமானார். மகன் கோயம்புத்தூரிலிருந்து வந்து சேரவேண்டியிருந்ததால் சாயங்காலம்தான் எடுத்தார்கள். எங்கள் தெருவில் பிணம் எடுக்கும்வரை கோவில் நடை திறப்பதில்லை, எந்த வீட்டிலும் அடுப்பு மூட்டுவதில்லை. இது முன்னாலிருந்தே உள்ள வழக்கம். கடைகளும் சாத்தியிருந்தன. செல்லப்பாவும் முன்பக்கம் பலகை போட்டிருந்தார். மானேஜரும் இதை ஒப்புக்கொள்கிறார். முன்பக்கம் சாத்தினாலும் பின்கட்டில் அடுப்பு எரிந்தது, தமிழ்ப் பிராமணர்களின் வழக்கத்துக்காகத் திருநெல்வேலிக்காரன் எதற்கு ஒரு நாள் பிழைப்பை விடுவான் என்பதே அவர் வாதம்.

பகல் பதினொன்றே கால் மணி இருக்கும். நான் துக்க வீட்டிலிருந்து வந்து, கொல்லைச் சந்து வழியாகச் செல்லப்பாவின் பின்கட்டுக்குப் போனேன். கையில் ஒரு இரும்புக் கரண்டியும் அதை மூட ஒரு தட்டும் இருந்தன. கொஞ்சம் கனல் வாங்கவே போனேன். வீட்டில் தீப்பெட்டி இருந்தது. ஆனால் விறகு வைத்து மூட்டினால் புகை எழும்பித் தெருவுக்குத் தெரிந்துவிடும். கனல் இருந்தால் குமுட்டியில் கரியோடு போட்டுப் புகையில்லாமல் காரியம் முடிக்கலாம். வழக்கம் தெரியாதவர் கடையில் அடுப்பு எரியும் என்று நானும் மானேஜரைப் போலத்தான் நினைத்தேன்.

பின்கட்டில் செல்லப்பாவும் மூக்கம்மாளும் உட்கார்ந்திருந்தார்கள். கிடங்குச் சுமைகாரர்கள் இரண்டு பேர் டீ கேட்டு நின்றார்கள். ஒருவர், “செல்லப்பண்ணா, மரிச்சது பட்டர், பட்டிணி நமக்கோ?” என்று எங்கள் ஜாதியைச் சொல்லிக் கேலி செய்ய, மூக்கம்மாள், “ஒரு நாளு டீ இல்லேன்னா ஒன் தலைமேல இருக்க மூட்டை அழவா போவுது? போ அங்கிட்டு” என்றாள். அவர்கள் சிரித்துக்கொண்டு போனார்கள். இதை அவர்கள் விசாரணையில் சொல்லவில்லை என்று கேள்விப்பட்டேன். அந்தக் கிடங்கில் கூலி வாங்குகிறவர்கள், அவர்களைக் குறை சொல்ல மனமில்லை.

என் கையில் கரண்டியைப் பார்த்ததும் செல்லப்பா எழுந்து நின்றார். கனல் வேண்டும் என்றேன். அவர் அடுப்பைக் காட்டினார். அடுப்புக்குள் அவர்கள் வீட்டுப் பூனை சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது. “பெரியவரு கெடக்காருல்லா அம்மா? நேத்து ராத்திரி அணைச்சது. மொத மொத எனக்கு நெழலு குடுத்தவுக அவுக. நான் எப்படி மூட்டுவேன்?” என்றார். எனக்கு என்ன தோன்றியதோ, குனிந்து பூனைக்குப் பக்கத்தில் சாம்பலில் கை வைத்துப் பார்த்தேன். சாம்பல் குளிர்ந்திருந்தது. ஒரு பொறிகூட இல்லை.

நான் வீட்டுக்குத் திரும்பிக் கரண்டியைக் கழுவி வைப்பதற்குள் “தீ, தீ” என்று சத்தம் கேட்டது. வந்து பார்த்தபோது கிடங்கின் காயல் பக்கத்து மூலையில், டீக்கடைக்கு எதிர்ப்புறத்தில் மட்டும் புகை வந்துகொண்டிருந்தது. தெருக் குழாயிலிருந்து தண்ணீர் கொண்டு ஓடியவர்களில் செல்லப்பாவும் இருந்தார். தீ எப்படிப் பிடித்தது என்று எனக்குத் தெரியாது. தெரியாததைச் சொல்லமாட்டேன்.

மறுநாள் போலீசார் விசாரித்தபோது, நான் வீட்டை விட்டு வெளியே வரவில்லை, எதையும் பார்க்கவில்லை என்று சொன்னேன். அது பொய். செவ்வாய்க்கிழமைதோறும் எங்கள் வீட்டில் பெண்கள் கூடி ஸ்தோத்திரம் சொல்லுகிறார்கள். நான்தான் சொல்லிக் கொடுக்கிறேன். பிணம் கிடக்கும்போது கனல் தேடிப் போனவள் என்று பேர் வந்தால் யாரும் படியேறமாட்டார்கள் என்று பயந்தேன்.

போன வெள்ளிக்கிழமை குழாயடியில் மூக்கம்மாளிடம், உங்களுக்குச் சாட்சி யாரும் இல்லையா என்று கேட்டேன். அவள் குடத்தைப் பார்த்துக்கொண்டே, “அன்னைக்குப் பின்கட்டுக்கு ஒருத்தரும் வரலன்னுதான் எங்க வீட்டுக்காரவுக எழுதிக் குடுத்திருக்காக அம்மா. கேட்டதுக்கு, அம்மாமாரு பேரு கோர்ட்டுக்குப் போவக்கூடாதுன்னுட்டாக” என்றாள். அன்று ராத்திரி என் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எழுந்து வாசல் கதவைச் சாத்தினார். அதன் பிறகு, “சாக்ஷி சொல்லு, வேண்டாம்னு பறயலே. ஆனா கொழந்தைக்கு ஜ்வரம், கஞ்சி வைக்கப் போனேன்னு எழுதினாப் போறாதா? ஆரு வந்து நோக்கப் போறா?” என்றார். “ஒண்ணு பொய்யா இருந்தா மத்ததையும் நம்பமாட்டாளே” என்றேன். அவர் பேனாவில் மை ஊற்றிக் கொடுத்தார்.

அன்று எங்கள் வீட்டில் யாருக்கும் ஜுரம் இல்லை. குழந்தை பள்ளிக்கூடம் போயிருந்தாள். எனக்குத் தலைவலிகூட இல்லை. காலையிலிருந்து காபி குடிக்காதது பொறுக்கவில்லை. எனக்கு ஒரு டம்ளர் காபி போட்டுக்கொள்ளத்தான் கனல் கேட்டுப் போனேன். வழக்கத்தைக் காத்தவர் செல்லப்பா. மீறப் போனவள் நான்.

இதில் நான் கூட்டியதும் இல்லை, மறைத்ததும் இல்லை. முன்பு போலீசாரிடம் சொன்னதைத் தள்ளிவிட்டு இதையே என் வாக்காக எடுத்துக்கொள்ளவேண்டும். திறந்த கோர்ட்டில், எங்கள் தெருக்காரர்கள் இருக்கும்போது உரக்கப் படித்தாலும் எனக்குச் சம்மதம்.

க. சீதாலக்ஷ்மி
மட்டாஞ்சேரி, 1964 டிசம்பர் 7