மூன்று வேளை பைகார்பனேட்

இந்த டம்ளரை மாற்றித் தரச் சொல்லுங்கள் இன்ஸ்பெக்டர் சார். விளிம்பில் யாரோ வாய் வைத்த தடம் இருக்கிறது. எச்சில் என்றாலே எனக்கு ஆகாது.

பல்லடத்தில் முப்பது வருடம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் நடத்தியவன் நான். பஃபர் கரைசல் பாடத்தை என்னைப் போல் யாரும் நடத்தியதில்லை என்பார்கள். அமிலத்தை ஊற்றினாலும் பஃபர் அதை வாங்கிக்கொண்டு பி.எச். என்ற அமில அளவு அவ்வளவாக மாறாமல் காக்கும். நம் இரத்தத்தில் பைகார்பனேட் அந்த வேலையைச் செய்கிறது. என் மனைவி ராமாமணிக்குச் சிறுநீரகம் பழுதாகி, இரத்தத்தில் அந்தப் பைகார்பனேட் குறைந்துகொண்டே வந்தது. தினமும் மூன்று வேளை பைகார்பனேட் மாத்திரை கொடுக்கும்படி கோயமுத்தூர் டாக்டர் என்னிடம் சொல்லியனுப்பினார்.

நாற்றத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவள் வாயிலிருந்து மூத்திர வாடை வரும். தலையணையில் வரும், அவள் மடித்து வைத்த என் வேட்டியில்கூட வரும். அவள் பக்கத்தில் உட்கார்ந்தால் எனக்குச் சோறு இறங்காது. ஆனால் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை.

"ஏனுங்க, நாத்தம் அடிக்குதுங்களா? நான் வேணும்னா வெளிய ஆசாரத்துல படுத்துக்கறனுங்க" என்பாள்.

"அதெல்லாம் இல்ல அம்மணி. மாத்திரையப் போட்டுக்க" என்பேன்.

அந்த மாத்திரையை நான் ஒரே நாளில் நிறுத்தவில்லை. ஆய்வகத்தில் பியூரெட் குழாயிலிருந்து அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விடுவதுதான் முறை. முதல் வாரம் மதிய மாத்திரைக்குப் பதிலாக அதே வெள்ளையில் ஒரு சத்து மாத்திரை. அடுத்த வாரம் இரவுக்கும், பிறகு காலைக்கும். பஃபர் தீரும்வரை வெளியே பெரிதாக ஒன்றும் தெரியாது. தீர்ந்துவிட்டால் உடம்பு மூச்சை வேகமாக விட்டுச் சமாளிக்கப் பார்க்கும். அந்த மூச்சுகளை எண்ணி எழுதினேன். என் மகள் பிரவீனா உங்களிடம் கொடுத்த ரெக்கார்டு நோட்டில் இருப்பது அதுதான். நிமிடத்துக்குப் பதினெட்டு, இருபத்தாறு, முப்பத்தெட்டு. அளவுகளை, பிள்ளைகளுக்குச் சொல்லித்தந்த முறைப்படி, இடப்பக்கம் பென்சிலில்தான் எழுதியிருக்கிறேன், பாருங்கள்.

"நீங்க பக்கத்துலயே இருக்கறது தெம்பா இருக்குதுங்க" என்றாள், மூச்சு வாங்கிக்கொண்டே. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

செத்துப்போவாள் என்று தெரிந்தேதான் மாத்திரையை மாற்றினேன். ஆனால் கொலை என்று எழுதாதீர்கள். அவள்மேல் எனக்கிருந்த பிரியம் தெருவுக்கே தெரியும். வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு மூச்சு நின்றது. வாடையும் அதோடு நின்றது. மகளுக்குப் போன் செய்வதற்கு முன், கடையில் வாங்கி வைத்திருந்த இட்லியைப் பிரித்து, ராமாமணியை ஒட்டி உட்கார்ந்து, வெகு நாளைக்குப் பிறகு வயிறார அவளோடு சாப்பிட்டேன்.